நாய்க்கு முடி திருத்தும் தொழிலும் நம் தொழுகையும்



நாயைக் குளிப்பாட்டி, முடி திருத்தி, நகம் வெட்டி, காது துடைத்து அனுப்பும் கடைகள் இப்போது வடசென்னைக்கும் வந்துவிட்டன. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அவை அண்ணாநகர், நுங்கம்பாக்கம் பக்கத்துச் சங்கதியாகவே நமக்குத் தோன்றின. தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழ எழ, அங்கே வாழும் பிற சமயத்து அண்டை வீட்டாரிடம் சிறிய இன நாய்களும் பெருகின. ஷிட்சூ, பொமரேனியன், லாசா, பக், டாஷண்ட் என்று அவற்றுக்குப் பெயர்கள். தொழிலில் இருப்பவர்கள் இந்த வேலையை 'க்ரூமிங்' என்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் 'நாய் பார்லர்' என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். என் தங்கை மகன் அந்த வேலையில்தான் இருக்கிறான், ஆறு ஆண்டுகளாக.

இதைப் படித்து முகம் சுளித்தால் வியப்பில்லை. எங்கள் குடும்பம் கீழக்கரையிலிருந்து ராயபுரத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் ஊறியவர்கள். மழைக்காலத்தில் நனைந்த நாய் காலில் உரசிவிட்டால், மண் கரைத்த நீர் ஒருமுறையும் நல்ல நீர் ஆறு முறையுமாகக் கழுவிய பிறகே எங்கள் வாப்பும்மா எங்களை வாசற்படி ஏறவிடுவார். அந்த வீட்டுக் கொள்ளுப்பேரன் நாள்தோறும் ஐந்தாறு நாய்களைத் தேய்த்துக் குளிப்பாட்டிப் பிழைக்கிறான் என்பது குடும்பத்துக்குள் இலேசாகச் செரிக்கும் செய்தி அன்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மண்ணடியிலிருந்து அவனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. தொழில் என்னவென்று விசாரித்த மறுநாளே அது நின்றுபோயிற்று. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனை வாட்டியது வேறொன்று. என் தங்கை உம்ராவுக்குப் பணம் சேர்த்து வருகிறாள். மூத்த மகன் துபாயிலிருந்து அனுப்புவதில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. இளையவன் தரும் சம்பளத்தையும் அவள் மறுப்பதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு வீட்டு வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் செலவிடுவாள். உம்ராப் பணத்தோடு மட்டும் சேர்க்கமாட்டாள். கேட்டால், "ஹராம் என்று நான் சொல்லவில்லை காக்கா, எனக்கு மனசு ஒப்பவில்லை" என்பாள். ஒருநாள் அஸருக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அவன் என்னிடம் கேட்டான்: "மாமா, என் பணம் வாடகைக்கு ஆகிறது. அல்லாஹ்வுடைய வீட்டுக்குப் போக ஆகாதா?"

இந்தக் கேள்விக்கு விடை தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டம் பேசுவதற்கு முன்பு வேலையைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பட்டது. கண்ணால் பாராத தொழிலுக்குத் தீர்ப்புச் சொல்வதில் நம் சமூகத்துப் பெரியவர்களுக்குத் தயக்கமே இருப்பதில்லை. கிளியரிங் அலுவலகத்தில் நாற்பதாண்டு கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். பகலில் நேரம் உண்டு. அவன் கடையில் ஒரு மூலையில் நாற்காலி போட்டுச் சில நாட்கள் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் சீப்பு. முடியில் விழுந்திருக்கும் சிக்கை எடுக்காமல் நனைத்துவிட்டால் அது கம்பளி போல் இறுகிப்போகும். பிறகு வெட்டித்தான் எடுக்கமுடியும். காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டை அழுத்தும் இடத்தில், அக்குளில், பின்னங்கால் இடுக்கில் சிக்கு அதிகம். அதற்குள் ஈரம் தங்கினால் தோல் வெந்து புண்ணாகும், பூஞ்சை பிடிக்கும். உண்ணிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். உண்ணிக் காய்ச்சலால் நாய்கள் சாவதும் உண்டு. நம் பகுதிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடலின் உப்பீரம் ஒரு பக்கம். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் புழுதி மறுபக்கம். 2011 வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், ராயபுரத்து வீட்டுச் சன்னல்களைக் காலையும் மாலையும் துடைத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அந்தக் காற்றில்தான் வெள்ளை முடி தரையைக் கூட்டும் நாயை வளர்க்கிறார்கள்.

ஷிட்சூ என்ற இனம் சீன அரண்மனைகளின் குளிருக்கு வளர்க்கப்பட்டது. அதன் முடி மனிதர் தலைமுடிபோல் வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டாமல் விட்டால் கண்ணில் விழுந்து உறுத்திப் புண்ணாக்கும். பின்புறத்தில் மலம் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். நம் நாட்டு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இனங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. குட்டை முடி, ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே போதும். அழகுக்காக மனிதன் உருவாக்கிய உடலைத் தன்னால் பேணிக்கொள்ள முடியாத பிராணி அந்தச் சின்ன நாய். காலடிப்பேட்டையில் மூன்றாவது மாடி வீட்டில், மே மாதத்து வெயிலில், அப்படி ஒன்றை வளர்ப்பது அறிவா என்று கேட்டால் அறிவன்று என்றே சொல்வேன். ஆனால் வாங்கியவர் செய்த தேர்வுக்கு அந்தப் பிராணி ஏன் அழுக வேண்டும்?

பொமரேனியனின் கதை வேறு. அதற்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீண்ட முடி, அடியில் பஞ்சு போன்ற முடி. சித்திரை வந்ததும், "பாவம், வேர்க்கும், மொட்டையடித்து விடுங்கள்" என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். அவன் மறுத்துவிடுவான். அந்த அடுக்கு குளிரை மட்டுமன்றி வெயிலையும் தடுக்கிறது. மழித்துவிட்டால் தோல் வெயிலில் காய்ந்துவிடும், முடி திட்டுத்திட்டாக முளைக்கும், சிலவற்றுக்கு முன்போல் முளைப்பதே இல்லை. உதிர்ந்த அடிமுடியைச் சீப்பால் வாரி எடுத்தாலே காற்று உள்ளே போகும். அவன் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அபூதாவூத் தொகுப்பிலுள்ள ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. குதிரையின் நெற்றி முடியையும் பிடரியையும் வாலையும் கத்தரிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அதில் வருகிறது. வால் அதற்கு ஈ விரட்டப் பயன்படுவது, பிடரி அதற்குக் கதகதப்பு என்ற காரணமும் அங்கே சொல்லப்படுகிறது. அறிவிப்பாளர் வரிசை பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆயினும் ஒரு பிராணியின் முடி அதற்கு என்ன வேலை செய்கிறது என்று பார்த்த பிறகே கத்தரியை எடுக்கவேண்டும் என்ற பார்வை நம் மரபுக்குப் புதிதன்று.

நகம் வெட்டுவது எனக்குப் பார்க்கவே பதற்றம். நாயின் நகத்துக்குள் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் எங்கே முடிகிறது என்று தெரியாது. நூலளவு நூலளவாகச் சீவி, வெட்டுமுகத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுகிறான். இரத்தம் கசிந்தால் அடைக்க ஒரு பொடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நகம் வெட்டாமலே விடப்பட்ட கிழ நாய் ஒன்று வந்திருந்தது. நகம் வளைந்து வளர்ந்து பாதத்தின் சதைக்குள்ளேயே குத்தி இறங்கியிருந்தது. மாதக் கணக்கில் அந்த வலியோடு நடந்திருக்கிறது அது.

வயதுக்கு ஒரு முறை வைத்திருக்கிறான். குட்டியென்றால் தடுப்பூசி வரிசை முடியும் வரை, ஏறத்தாழ நான்கு மாதம், கடைக்கே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுவான். முதல் வருகையில் முடி வெட்டுவதில்லை. மேசையில் நிற்கவைத்து, இயந்திரத்தைத் தூரத்தில் ஓடவிட்டு, தின்னக் கொடுத்து அனுப்புவான். அந்தச் சத்தத்துக்கு அன்று அஞ்சாத குட்டி பின்னாளில் கடிப்பதில்லையாம். மூக்கு சப்பையான பக், ஷிட்சூ வகைகளைச் சூடான காற்றில் உலர்த்தவே கூடாது. நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது, அவற்றுக்கு மூச்சுப் பாதையே குறுகல். கூண்டில் வைத்துக் காற்றைத் திறந்துவிட்டுப் போன இடங்களில் நாய் செத்த கதைகளை அவன் சொன்னான். அவன் கையாலேயே பிடித்து உலர்த்துகிறான்.

கண்ணில் புரை விழுந்த பதினான்கு வயதுப் பொமரேனியன் ஒன்றை ஒரு கிறிஸ்தவ அம்மையார் கொண்டுவருவார். அதைத் தொடும் முன் குரல் கொடுப்பான். பின் தோளில் கைவைப்பான். அதன் பிறகே சீப்பு. அதற்கு நீண்ட நேரம் நிற்க முடியாது. குளியல் ஒருநாள், முடி வேறொருநாள் என்று பிரித்துக்கொள்கிறான். ஒரு நாளைய கூலியைத்தான் வாங்குகிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் அவர்கள், மனிதன்மீது பிராணிகளுக்கு உள்ள உரிமைகளைப் பட்டியலிடும்போது, முதுமையாலோ நோயாலோ பயன்படாமல் போன பிராணிக்கும் செலவு செய்யவேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். இதை அவனுக்குச் சொன்னபோது, அந்த இமாமின் பெயரை எழுதித் தரும்படி கேட்டான்.

கடிக்கும் நாய்கள்? "கடிக்கிறதெல்லாம் பயந்த நாய்தான் மாமா" என்கிறான். தரையில் உட்கார்ந்து அதுவாக வந்து முகரும் வரை காத்திருப்பான். உறுமினால் அதட்டமாட்டான். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும் என்பது அவன் பட்டறிவு. சில உரிமையாளர்கள் மயக்க மருந்து கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். அது மருத்துவர் வேலை. வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுவான்.

வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாத நாயை அவன் தொடுவதில்லை. தானும் முன்கூட்டியே ஊசி போட்டிருக்கிறான். 2023 நவம்பரில் ராயபுரத்தில் ஒரு தெருநாய் ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கடித்ததும், அதற்கு வெறிநோய் இருந்தது பரிசோதனையில் தெரிந்ததும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழு முறை மண்ணால் கழுவும் சட்டத்தை வெறிநோய்க்கான முன்னறிவிப்பு மருத்துவம் என்று வாட்ஸாப்பில் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வணக்கத்தின் சட்டத்துக்கு ஆய்வகத்தின் சான்று தேவையில்லை. கடித்த இடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி தோன்றிவிட்டால் அந்த நோய்க்கு மருந்து இல்லை. மண்ணை நம்பி ஊசியை விட்டவர் தம் பிள்ளையை இழப்பார்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவும்படி, அதில் ஒருமுறை மண்ணால் கழுவும்படி ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழியை யாவரும் அறிவோம். அதிலிருந்து நான்கு மத்ஹபுகளும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் எச்சில், வியர்வை, நனைந்த முடி எல்லாமே கடும் நஜீஸ். ஹன்பலிகளும் இதற்கு அருகில்தான். ஹனஃபி மத்ஹபில் எச்சில் நஜீஸ், உடல் நஜீஸன்று. மூன்று முறை கழுவினாலே போதும், ஏழு சிறப்பு. மாலிகி மத்ஹபிலோ நாய் தூய்மையான உயிர். பாத்திரத்தைக் கழுவுவது கட்டளைக்குப் பணிதல் மட்டுமே. நம் வடசென்னையில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் ஒரே சஃப்பில் தோள் சேர்த்து நிற்கிறோம். ஒரே நாய்க்குட்டியைத் தொட்டுவிட்டு வந்தால் ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் கை கழுவுவோம். ராயபுரத்திலேயே 1910இல் எழுந்த பார்சிகளின் நெருப்புக் கோயில் இருக்கிறது. அவர்களுடைய மரபிலோ இறந்தவரின் இறுதிச் சடங்கில் நாய்க்கு மதிப்பான ஓர் இடமே உண்டு. ஒரே வட்டாரத்தில் ஒரே பிராணியை மனிதர்கள் எத்தனை விதமாகப் பார்க்கிறார்கள்!

தம்பியும் எங்கள் மத்ஹபில்தான் நிற்கிறான். வசதிக்காக மத்ஹப் மாறிக்கொள்ளும்படி நண்பர்கள் சொன்னார்கள், அவன் கேட்கவில்லை. ஆகவே கேள்வி கடினமான வடிவில்தான் நம் முன் நிற்கிறது. கடும் நஜீஸ் என்று நாம் நம்பும் ஒன்றை அன்றாடம் தொடுகிறவனின் உழைப்பு எப்படிப்பட்டது?

ஷாஃபிஈ நூல்களில் தயம்மும் பாடத்தை எடுத்துப் பாருங்கள். உளூச் செய்ய மட்டும் போதுமான தண்ணீரோடு பயணத்தில் இருக்கும் ஒருவர், தாகத்தால் வாடும் ஓர் உயிரைக் காண்கிறார். தண்ணீரை அதற்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்து தொழவேண்டும் என்கிறது சட்டம். கடிக்கும் வெறிநாயை அந்தச் சட்டத்திலிருந்து விலக்குகிறார்கள். அப்படியானால் மற்ற நாய் அதற்குள் இருக்கிறது. நாயின் ஈர முடிக்கு ஏழு முறை கழுவச் சொல்லும் அதே மத்ஹப், நாயின் தாகத்துக்காக உளூவின் தண்ணீரை விட்டுக்கொடுக்கச் சொல்கிறது. எனக்கு இது போதுமானதாக இருந்தது. நஜீஸ் என்பது நம் தொழுகை ஆடையைப் பற்றிய சட்டம். அந்த உயிரின் மதிப்பைப் பற்றிய தீர்ப்பு அதில் இல்லை. நம் வீடுகளில் இவ்விரண்டும் எப்போதோ ஒன்றாகக் கலந்துவிட்டன. கல்லெடுத்து எறியும் நம் பிள்ளைகளின் கை அந்தக் கலப்பில் பழகியது.

தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்த மனிதரைப் பற்றியும், பழித்தொழிலில் இருந்தும் அதே செயலால் மன்னிக்கப்பட்ட பெண்ணைப் பற்றியும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். அந்த மனிதர் காலணியை வாயில் கவ்விக்கொண்டு கிணற்றிலிருந்து ஏறி வந்தார் என்ற விவரமும் அங்கே இருக்கிறது. குகைத் தோழர்களை எண்ணும்போது அவர்களுடைய நாயையும் சேர்த்தே அல்குர்ஆனின் 18ஆம் அத்தியாயம் பேசுகிறது. ஆடுகளின் மூக்குச் சளியைத் துடைத்துவிடும்படி அபூஹுரைரா (ரழி) அவர்கள் ஒருவருக்கு அறிவுரை சொன்னதாக முவத்தாவில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்ததும் அதே நூலில் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இப்னுல் மர்ஸுபான் என்ற பக்தாத் அறிஞர், ஆடை உடுத்திய மனிதர் பலரைவிட நாய் மேல் என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூலே எழுதினார். நண்பர்களால் மனம் நொந்தவர் போலும்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. வேட்டை, கால்நடை, வேளாண்மை ஆகிய தேவைகளின்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்பதும், நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்பதும் ஆதாரமான நபிமொழிகள். வீட்டுக் காவலையும் அந்தத் தேவைகளோடு சேர்த்தார்கள் இமாம் நவவீ போன்றோர். மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக நம் வீட்டில் ஒன்று வாங்கலாமா என்று பிள்ளைகள் கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். தம்பியும் வளர்க்கவில்லை. பிறர் வளர்ப்பதைப் பேணுவதுதான் அவன் தொழில்.

கூலியின் நிலை என்ன என்று எங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் போய் உட்கார்ந்தோம். அவர் உடனே பதில் தரவில்லை; ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். பிறகு சொன்னது இது. நாயை விற்ற காசை நபிமொழி தடுக்கிறது. நம் மத்ஹப் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. உழைப்புக்கு வாங்கும் கூலி அதனின்று வேறு. அசுத்தத்தைக் கையால் தொட்டுச் செய்யும் தொழிலுக்கு நம்மிடம் பழைய முன்மாதிரி இரத்தம் குத்தி எடுக்கும் ஹிஜாமா. அந்தச் சம்பாத்தியத்தைத் தாழ்வாகச் சொல்லும் அறிவிப்பும் உண்டு. நபி (ஸல்) அவர்களே அபூ தைபாவிடம் ஹிஜாமா செய்துகொண்டு கூலி கொடுத்த அறிவிப்பும் உண்டு. ஹராமாக இருந்தால் கொடுத்திருக்கமாட்டார்கள். ஆகவே இந்தப் பணம் ஹலால், இதைக் கொண்டு செய்யும் உம்ரா நிறைவேறும். பிறகு என்னைப் பார்த்துச் சிறிது புன்னகைத்து, "உங்கள் தங்கையைக் குறை சொல்லாதீர்கள்" என்றார். அந்தக் கூலியைத் தன் ஒட்டகத்தின் தீனிக்குச் செலவிடு என்று ஒரு தோழருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன அறிவிப்பும் இருக்கிறதாம். வாடகைக்கு வைத்துக்கொண்டு உம்ராவுக்கு ஒதுக்கும் அவள் மனம், படிக்காமலே ஒரு ஹதீஸின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறது. எனக்கு அது வியப்பாக இருந்தது.

அந்த விளக்கத்துக்கு அவன் ஒரு விலையும் கொடுத்தான். கடை முதலாளி குட்டி விற்பனையும் தொடங்கியிருந்தார். விற்றுக் கொடுத்தால் நூற்றுக்கு இவ்வளவு என்று பங்கு. அதில் தன்னைச் சேர்க்க வேண்டாம் என்று மறுநாளே சொல்லிவிட்டான். நாய்க்கு நகச்சாயம், முடிச்சாயம் பூசுவதையும் விட்டுவிட்டான். நலத்துக்குச் செய்வது வேறு, புகைப்படத்துக்குச் செய்வது வேறு என்று வாடிக்கையாளரிடம் நேராகவே சொல்கிறான். வருமானம் குறைந்ததை அவன் சொல்லவில்லை. கணக்கெழுதிய கண்ணுக்கு அது தெரிந்தது.

அவன் கழுவும் முறையையும் சொல்கிறேன். இத்தொழிலுக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு உதவும். வேலைக்குத் தனி உடை, தனிச் செருப்பு. முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறை. கையுறைக்குள் ஈரம் புகாதவரை கை நஜீஸாகாது. காய்ந்த நாயைக் காய்ந்த கை தொட்டாலும் நஜீஸ் ஒட்டாது. எது பட்டாலும் உளூ முறியாது; பட்ட இடத்தைக் கழுவுவதுதான் கடமை. சோப்பு மண்ணுக்கு ஈடாகாது என்பதே மத்ஹபின் வலுவான கருத்து என்பதால், சலித்த சுத்தமான மண்ணை ஒரு வாளியில் மூடி வைத்திருக்கிறான். மண் கரைத்த நீர் ஒருமுறை, நல்ல நீர் ஆறு முறை. பிறகு குளியல், மாற்றுடை, பள்ளிவாசல். லுஹர் நேரத்தில் நாய்களுக்கு முன்பதிவு எடுப்பதில்லை. மண்வாளியைப் பார்த்துவிட்டு இது ஏதோ முடி உதிராமல் இருக்கும் மருந்து என்று எண்ணி, தன் நாய்க்கும் பூசச் சொன்ன பாட்டி ஒருவர் உண்டு. விளக்கம் கேட்ட பிறகு, "கையைக் கழுவுவதற்கே இவ்வளவு கணக்கா!" என்று வியந்தாராம். அந்தப் பொமரேனியன் அம்மையார் இப்போது வருமுன் தொலைபேசியில், "தொழுகை முடிந்ததா தம்பி?" என்று கேட்டுவிட்டே கிளம்புகிறார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, எர்ணாவூர் வீடுகளுக்குள் கரும்படலமாக ஏறியது. கூழைக்கடாப் பறவைகள் சிறகு ஒட்டிக்கொண்டு நின்ற படங்களை நாளிதழ்களில் பார்த்தோம். நாய்களும் தப்பவில்லை. எண்ணெய் படிந்த முடியை நாய் நக்கியே சுத்தம் செய்யப் பார்க்கும். அது வயிற்றுக்குள் போனால் நஞ்சு. வெறும் தண்ணீரில் அது போகாது. சமையல் எண்ணெயைத் தேய்த்து இளக்கி, பாத்திரம் துலக்கும் திரவத்தால் கழுவ வேண்டும், இரண்டு முறை, மூன்று முறை. பத்து நாட்கள் மாலையில் அங்கே போய்க் காசு வாங்காமல் அதைச் செய்தான். கையுறைகள் கிழிந்தன. மண் கரைத்து, ஏழு முறை கழுவி, குளித்து, இஷாவுக்குப் பின் வீடு திரும்புவான். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. என் தங்கை ஒன்றும் பேசாமல் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து அவன் கைகளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஹஜ்ரத் சொன்னதை முழுமையாக அவளிடம் சொல்லிவிட்டேன். ஒட்டகத் தீனி பற்றிய செய்தியைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. தான் கண்மூடித்தனமாக நடக்கவில்லை என்ற நிம்மதி. உம்ரா நிறைவேறும் என்பதையும் கேட்டுக்கொண்டாள். "கொஞ்ச நாள் போகட்டும் காக்கா" என்றாள். அவனும் வற்புறுத்தவில்லை. இப்போதைக்கு அவன் சம்பளத்தில்தான் வாடகை போகிறது.

சென்ற மாதம் திருவொற்றியூரிலிருந்து புதிய சம்பந்தம் பேச வந்தார்கள். பெண்ணின் வாப்பா மீன்பிடி விசைப்படகு இயந்திரம் பழுது பார்ப்பவர். கையில் கிரீஸ் கறை போகாதவர். தொழிலைச் சொன்னோம். சற்று நேரம் யோசித்துவிட்டு, வேலை முடிந்து எங்கே குளிப்பான் என்று மட்டும் கேட்டார். கடையிலேயே என்றோம். சரி, ஞாயிற்றுக்கிழமை பெண்ணைப் பார்க்க வாருங்கள் என்றார்.